மணல் மூட்டைகள் நடக்காது

சேலைதான் முதலில் மேலே வந்தது. அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்ட பட்டு. ஈயக்குட்டையின் கலங்கிய தண்ணீரில் அது மெல்ல விரிந்து மிதந்தது. அதன் ஒரு முனை குருக்களின் கையில் இருந்தது. இன்னொரு முனையில் அம்மன் இருந்திருக்க வேண்டும். இல்லை.

கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாதஸ்வரம் எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. ஒரு குழந்தை, "அம்மா, சாமி எங்க?" என்று கேட்டதும், அதன் தாய் சட்டென்று அதன் வாயைப் பொத்தியதும் நினைவிருக்கிறது.

அந்தத் தெப்பத்தைச் செய்தவர் என் வீட்டுக்காரர்.

அரிசி மூட்டை எந்தப் பக்கம்?

அவர் பெயர் குணசேகரன். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில் கப்பலில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வையிட்ட மனுஷர். எந்தப் பெட்டி அடியில், எது மேலே, இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து அடுக்க வைக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி அவரை விடவில்லை.

பாசாரில் சாமான் வாங்கித் திரும்பும்போது அரிசி மூட்டையைக் காரில் எந்தப் பக்கம் வைப்பது என்று நின்று யோசிப்பார். வெயிலில் நான் வெந்துகொண்டிருப்பேன். கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனால், என் பெரிய மாமாவை இடப்பக்கமும் அவருடைய சம்பந்தியை வலப்பக்கமுமாகப் பிரித்து உட்கார வைப்பார். இருவருமே நல்ல தாட்டியான ஆட்கள்.

"ஏன் மாப்ள, எங்களுக்குள்ள சண்டை ஒன்னும் இல்லையே?" என்பார் மாமா.

"சண்டை இல்ல மாமா. எடை" என்பார் இவர்.

போன வாரம் எங்கள் பிரிட்ஜ் வெள்ளத்தில் மிதந்த கதையை எழுதியிருந்தேன். பந்திங்கிலிருந்து ஒரு வாசகி, "அவ்வளவு கனமான பிரிட்ஜ் எப்படி மிதக்கும்? கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டீர்களோ?" என்று கேட்டிருக்கிறார். இல்லையம்மா. நானும் அன்று இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இதே கேள்வியைத்தான் அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "தண்ணிக்கு எடை மட்டும் கணக்கு இல்ல பத்மா. எவ்வளவு தண்ணிய ஒதுக்குற, அதான் கணக்கு. நீ ஒதுக்குற தண்ணி உன்னைவிடக் கனமா இருந்தா அது உன்னைத் தூக்கிரும்" என்றார். பிரிட்ஜ் உள்ளே பாதிக்கு மேல் காற்றுதானாம். அது சமையலறையிலிருந்து புறப்பட்டு வந்து எங்கள் படுக்கையறைக் கதவை இடித்தது. வெள்ளம் வடியும்வரை அவர் அதைக் கப்பல் என்றேதான் சொன்னார்.

தண்ணீரைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் பிரிட்ஜை இழுத்தேன்.

நீலப் பீப்பாய்கள்

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு அம்மன் கோயில். அது அவர் பிறந்து வளர்ந்த பக்கம். கிள்ளானுக்குக் குடிவந்த பிறகும் திருவிழாவுக்கு நாங்கள் அங்கேதான் போவோம். கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய குட்டை உண்டு. அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளம். மழைநீர் நிறைந்து ஏரியாகிவிட்டது. ஆழம் யாருக்கும் தெரியாது. அடியில் பாதத்தை வைத்தால் முழங்கால்வரை வாங்கிக்கொள்ளும் சேறு என்பார்கள்.

ஒரு வருடம் கோயில் கமிட்டிக்குத் தெப்பம் விடும் ஆசை வந்தது. யார் செய்வது என்ற பேச்சு வந்ததும் எல்லா முகமும் இவர் பக்கம் திரும்பியது. இவருக்கும் வாயெல்லாம் பல். சின்ன வயதில் அந்தக் குட்டையில் நீந்தப் போய் அப்பாவிடம் அடி வாங்கியவர், அதே தண்ணீரில் அம்மனைச் சுற்றவைக்கப் போகிறார்.

ரசாயனம் வருகிற நீலப் பீப்பாய்களை வாங்கிக் கழுவினார். ஒவ்வொன்றின் மூடியையும் ரப்பர் வைத்து இறுக்கித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வந்தாலும் அந்தப் பீப்பாய் வேண்டாம். அவற்றை வரிசையாகக் கட்டி மேலே பலகை அடித்தார். நடுவில் அம்மனுக்கு மண்டபம். மண்டபம் உயரமாக இருக்க வேண்டும் என்று கமிட்டி சொன்னது. "உயரம் ஏற ஏற ஆட்டம் கூடும்" என்று சொல்லி அதைப் பாதியாகக் குறைத்தார். அதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் தலைவர்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். மணல் மூட்டைகளை லோரியில் கொண்டுவந்து தெப்பத்தில் அடுக்கினார்கள். ஏறப் போகிறவர்களின் எடையைவிட இரண்டு மடங்கு. தெப்பம் ஒரு சாண் இறங்கி அப்படியே நின்றது. இவர் அதன் ஓரத்தில் ஏறிக் குதித்துக்கூடப் பார்த்தார். அசையவில்லை. கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். மனதுக்குள் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

தட்டு நீட்டிய பக்கம்

திருவிழா அன்று சாயங்காலம் வெளிச்சம் நன்றாக இருந்தது. தெப்பத்தில் குருக்கள், மேளக்காரர்கள், கமிட்டிக்காரர்கள், உபயகாரர் குடும்பம். பட்டு வேட்டிக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் நின்ற கோலத்தைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். குருக்கள் மட்டும் போட மறுத்துவிட்டார். சொன்ன ஆட்களுக்கு மேல் ஒருவர்கூட ஏறவில்லை. இவர் ஏணியடியில் நின்று ஒவ்வொருவராக விட்டார். அதை நான் பார்த்தேன். யாரும் பிறகு வேறு மாதிரி பேசக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் சுற்று அழகாக முடிந்தது. அம்மன் தண்ணீரில் வருவதும், அவள் நிழல் கூடவே வருவதும். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் தெப்பம் கரையோரம் வந்தது. கரையில் நின்ற பெண்கள் அர்ச்சனைத் தட்டுகளை நீட்டினார்கள். அது நம் வழக்கம்தானே. சாமி வாசலுக்கு வந்தால் தட்டை நீட்டாமல் யார் இருப்பார்கள்? தட்டை வாங்கத் தெப்பத்திலிருந்த இரண்டு பேர் அந்த ஓரத்துக்கு வந்தார்கள். தெப்பம் லேசாகச் சாய்ந்தது. சாய்ந்ததால் பின்னால் நின்றவர்களும் தன்னால் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். கரையில் சொந்தக்காரர்களைப் பார்த்த உபயகாரர் குடும்பம் கையசைத்துக்கொண்டே ஓரத்துக்கு வந்தது. போன் வைத்துப் படம் எடுத்தார்கள்.

"நடுவுக்கு வாங்க! எல்லாரும் நடுவுக்கு வாங்க!" என்று இவர் கரையிலிருந்து கத்தினார். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அவர் கத்தியதைப் பார்த்த ஒருவர் அவருக்கும் கையசைத்தார்.

தெப்பம் கவிழவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, ஆட்களை உதறிவிட்டு, மறுபடி நிமிர்ந்துகொண்டது. அவ்வளவுதான். விழுந்தவர்கள் எல்லோரும் மிதந்தார்கள்; மிதவைச் சட்டை போடாத குருக்களையும் பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். குருக்கள் விழும்போது அம்மனை இழுத்துப் பிடித்திருக்கிறார். பிடி சேலையில் கிடைத்தது. நனைந்த பட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அம்மன் பஞ்சலோகம். நேரே கீழே போய்விட்டாள்.

யாரும் திட்டவில்லை

பொம்பாவின் தீயணைப்பு வண்டி வந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். மறுநாளும் இறங்கினார்கள். சேறு என்றார்கள். எங்கே கைவைத்தாலும் சேறு, கலக்கினால் கண் தெரியவில்லை என்றார்கள். பிறகு கமிட்டி தனியாக ஆள் வைத்தும் தேடியது. அம்மன் கிடைக்கவில்லை.

அவரை யாரும் திட்டவில்லை. தலைவரே வந்து தோளைத் தட்டி, "விடுங்க குணா, அவ இஷ்டம் அது. குளிக்கப் போயிட்டா" என்றார். ஒருவராவது சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் இவர் பதில் சொல்லியிருப்பார். மனம் ஆறியிருக்கும். எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். அதுதான் அவரை அரித்தது.

பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், என் தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் இலையைப் பார்த்தபடி, "எல்லாருக்கும் லைப் ஜாக்கெட் குடுத்தாங்க. அம்மனுக்குத்தான் குடுக்கல" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். இவரும் கூடவே சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்குச் சாம்பார் வாளியை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் பாயசம் சாப்பிடவில்லை. பாயசத்தை விடுகிற ஆள் இல்லை அவர்.

கமிட்டி புது அம்மனைச் செய்து வைத்தது. கும்பாபிஷேகமும் ஆனது. நாங்கள் போகவில்லை.

பேசினில் கோலிகள்

அதற்குப் பிறகுதான் என் பிளாஸ்டிக் பேசின் காணாமல் போக ஆரம்பித்தது. துணி ஊறவைக்கத் தேடினால் அது பின்வாசலில் இருக்கும். தண்ணீர் நிறைந்து, அதில் ஒரு பிஸ்கட் டின் மூடி மிதந்துகொண்டிருக்கும். மூடிக்குள் கோலிக்குண்டுகள்.

"என்னங்க இது, பேரப் பிள்ளைங்ககூட இல்ல வீட்டுல."

"பாரு" என்றார். ஈரமண்ணை உருட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாக மூடியில் பரப்பினார். மூடியின் ஓரத்தை விரலால் அமுக்கிவிட்டு எடுத்தார். ஆடி நிமிர்ந்தது. பிறகு மண்ணை எடுத்துவிட்டுக் கோலிகளைப் போட்டார். அதே மாதிரி அமுக்கினார். கோலிகள் எல்லாம் ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் ஓடின. மூடி சரிந்து முங்கியது.

"நான் மூட்டைய வச்சுப் பார்த்தேன் பத்மா. மூட்டை நடக்காது. மனுசன் நடப்பான்லா" என்றார்.

கப்பலில் பெட்டிகளை இரும்புக் கம்பியால் கட்டிப் பழகியவர். சரக்கு தன் பாட்டுக்கு எழுந்து போய்த் தட்டு வாங்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

சில நாள் கழித்து மூடியின் குறுக்கே ஒரு ஐஸ்கிரீம் குச்சியை ஒட்டியிருந்தார். இப்போது இந்தப் பாதியிலிருந்த கோலிகள் அந்தப் பாதிக்குப் போக முடியவில்லை. அமுக்கினால் சாய்ந்தது, திரும்ப நிமிர்ந்தது. நடுவில் ஒரு தடுப்பு, ஒரு கயிறு போதும். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லக் கமிட்டிக்குப் போனார். அதற்குள் அவர்கள் இனித் தெப்பமே வேண்டாம், லோரியில் விளக்கு அலங்காரம் பண்ணி அம்மனை ஊர்வலமாகக் கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். திரும்பி வந்து கோலிகளை மைலோ டின்னில் போட்டு மூடினார்.

ஆனால் பேசின் திரும்பி வரவில்லை. பிறகு அதில் வேறு பொருள்கள் மிதந்தன. ஒரு நாள் செவ்வந்திப் பூ. ஒரு நாள் வாழைப்பழம். ஒரு நாள் முழுத் தேங்காய். வெற்றிலை, சூடம். பூஜைத் தட்டைக் கவிழ்த்துவிட்டாரா என்று கேட்டேன். அவர் தேங்காயை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பேசினின் அடியில் என் பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று கிடந்தது. கண்ணாடி முன்னால் கழற்றி வைத்ததைத் தேடிக்கொண்டிருந்தேன். எடுத்து அவர் முன்னால் ஆட்டிக் காட்டி நன்றாகக் கத்தினேன். மனுஷனுக்கு வயசாகுதா, இல்லை குறையுதா என்று கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு பேசினைத் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளிக்கிழமைகளில் கொமுட்டர் ரயில் ஏறிப் போக ஆரம்பித்தார். கேட்டால், "பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போறேன்" என்பார். பழைய துறைமுகக் கூட்டாளிகளோடு தே தாரேக் குடித்து அரட்டை அடிக்கிறார், மனசுக்கு நல்லது என்று நானும் விட்டுவிட்டேன். கூட வரட்டுமா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு வீடு கழுவுகிற நாள்.

புதுக் கமிட்டி

இந்த வருடம் அந்தக் கோயிலுக்குப் புதுக் கமிட்டி வந்தது. அதன் செயலாளர் தினேஷ், மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுபடியும் தெப்பம் விடப் போகிறார்களாம்.

"அங்கிள்தான் வந்து பார்க்கணும் ஆன்டி. அங்கிள் செஞ்ச தெப்பம் மாதிரி யாரும் செய்யலன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

அவர் மனைவி அவரை முழங்கையால் இடித்தாள். இவர் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "நடுவுல குறுக்கே கயிறு கட்டுங்க. நல்லா இறுக்கி, இடுப்பு உயரத்துக்கு. இந்தப் பக்கத்து ஆளு அந்தப் பக்கம் போகக்கூடாது. கரையில தட்டு வாங்காதீங்க. அம்மனை நைலான் கயித்துல கட்டிட்டு மேல பட்டு சாத்துங்க" என்றார். பிறகு, "நான் வரல" என்று எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அவர் வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன் என்று தெப்பத் திருவிழா அன்று காலையில் சொன்னேன். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அவர் கண்ணால் ஒரு தெப்பம் சாயாமல் கரை சேர்வதைப் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் போதும், பழைய மனுஷன் திரும்பி வந்துவிடுவார் என்று நம்பினேன். தனியாக ரயில் மாறிப் போக எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

சென்ட்ரலில் ரயில் மாறினோம். சிர்டாங்கில் இறங்கியதும் அவர் பஸ்ஸின் நம்பரைக்கூடப் பார்க்காமல் ஏறினார். எனக்கு அப்போதுகூட ஒன்றும் உறைக்கவில்லை. குட்டைக்குப் போகும் பாதையில் இளநீர் விற்கிறவர் இவரைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"என்ன அங்கிள், இன்னிக்கு ஞாயித்துக்கிழமைலா! வெள்ளிக்கிழமைதானே வருவீங்க?"

நான் நின்றுவிட்டேன். இவர் நிற்கவில்லை.

போய்ச் சேருவது

தெப்பம் புறப்பட்டது. நடுவில் மஞ்சள் கயிறு. பழைய இடத்துக்கு வந்தபோது கரையில் அதே தட்டுகள், அதே தள்ளுமுள்ளு. தெப்பத்திலிருந்தவர்கள் உந்தினார்கள். கயிறு அவர்களை வயிற்றோடு பிடித்து நிறுத்தியது. தெப்பம் கொஞ்சம் சாய்ந்தது. நிமிர்ந்தது. அம்மன் ஆடாமல் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கயிறு. ஒரே ஒரு கயிறு, அன்றைக்கு இருந்திருந்தால். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாருங்க, சாயல. பாத்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன்."

அவர் தெப்பத்தைப் பார்க்கவில்லை. எங்கள் காலடியில் தொடங்கிப் பச்சையாக உள்ளே போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் என்னங்க?"

"மேல போறது புதுசு பத்மா. அவ இன்னும் கீழதானே இருக்கா."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரிக்பீல்ட்ஸ் கடைப் பொட்டலம். உள்ளே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள்.

"முதல்ல பூ போட்டேன். மிதந்து அந்தக் கரைக்குப் போயிருச்சு. பழம் போட்டேன், தேங்காய் போட்டேன். எல்லாம் மேலயே நிக்குது. அவளுக்கு ஒன்னும் போய்ச் சேரல. வீட்டுல வச்சுப் பார்த்தேன். இதுதான் முங்குது."

அந்த பேசின் என் கண்முன் வந்தது. பூ, பழம், தேங்காய், சூடம். அடியில் கிடந்த என் பச்சை வளையல். மனுஷர் பரிகாரம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் வளையலை ஆட்டிக் காட்டிக் கத்தியிருக்கிறேன்.

அவர் குனிந்து ஒவ்வொரு வளையலாக விட்டார். அவை உடனே கீழே போய்விடவில்லை. இப்படியும் அப்படியுமாகச் சாய்ந்து சாய்ந்து, ஒரு தடவை மினுங்கி, பிறகு தெரியாமல் போயின. நான் திருவிழாவுக்கென்று போட்டிருந்த வளையல்களைக் கழற்றினேன். கையை முழங்கைவரை தண்ணீருக்குள் நீட்டி, அங்கேயே அவற்றை விட்டேன். தண்ணீர் சூடாக இருந்தது.

திரும்பும் ரயிலில் எத்தனை வெள்ளிக்கிழமைகள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கிள்ளான் வரப்போகும்போதுதான் பேசினேன்.

"அடுத்த வெள்ளி நானும் வரேன்."

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வா. ஆனா வளையல் கடையில பேரம் பேசாதே. அவளுக்கு வாங்குறது."